வெற்றிலை போடாதவனின் சுண்ணாம்பு

பிணம் கிடந்த இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், செத்தவனின் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று முதலில் பார்க்க வேண்டும் என்பது ஜெயபாரதியின் கட்சி. அந்தக் கட்சிக்குத் தொண்டன் மீராசா ஒருத்தன்தான். 2007 ஜூலை ஏழாம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, துபாயின் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில், பன்னிரண்டு பேர் தங்கும் ரூம் ஒன்றில் அவன் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். ரூமில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள்.

"என்ன தெரியுது, மீராசா?"

"கரப்பான்பூச்சி ஏழு, மேடம். அதுல ஒண்ணு என்கிட்ட விசா கேக்குது."

ஜெயபாரதி சிரிக்கவில்லை. திருச்சிக்காரி, வயது முப்பத்தெட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. விபத்தா கொலையா, நிஜமா நாடகமா என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. மீராசா பெயருக்கு அவளுடைய டிரைவர். கீழக்கரையிலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக துபாயில் ஸ்டியரிங் பிடிக்கிறான். அவளுக்குக் காதும் காலும் அவன்தான், வாயும் சேர்த்து என்பான் அவன்.

செத்தவன் அம்மையப்பன். அல் கூஸில் ஒரு கான்கிரீட் பிளான்ட்டின் லேபில் உதவியாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவனை லேபின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டிகளை ஊறப்போடுகிற தொட்டி அது. ஒரு கட்டி எட்டுக் கிலோ. அதில் ஒன்றை எடுத்து அவன் மண்டையில் போட்டிருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. முதல் நாள் ரூமில் அவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்ட சோலையப்பனை போலீஸ் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டது. கேஸ் கலாஸ், முடிந்தது என்று எல்லோரும் கை கழுவியாயிற்று.

கம்பெனி சார்பில் பிணத்தைப் பார்த்து வர மார்ச்சுவரிக்குப் போனது மீராசா. அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மையப்பனுக்கு முகத்தில் பாதி இல்லை. மிச்சம் இருந்த பாதியில் பல் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு கறை இல்லாமல் இருந்தது. சிரிக்கிற மாதிரி இருந்ததே, அதுதான் கொடுமை.

"மேடம், ரெண்டு கிளாஸ் இருக்கு. டீ கிளாஸ். தண்ணி ஊத்தி, மேல பிளாஸ்டிக் கட்டி வச்சிருக்கான்."

மெல்ல வெளியே எடுத்தான். ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் தண்ணீருக்குள் மூடியில்லாத சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மீனா பஜாரில் வெற்றிலைக் கடைக்காரன் சுண்ணாம்பு விற்கிற டப்பா. கிளாஸின் மேல் துண்டுச் சீட்டு ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது. ஒன்றில் '9-6, முதல் டாங்கர்.' மற்றதில் '9-6, ரெண்டாம் டாங்கர்.'

"அம்மையப்பன் வெத்தலை போடுவானா?" என்றாள் ஜெயபாரதி.

"பல்லைத்தான் பார்த்தேனே. வெத்தலை போடறவன் பல்லு அப்படி இருந்தா நான் நாளையிலேருந்து அதைத்தான் போடுவேன், பேஸ்ட்டு மிச்சம்."

"அப்ப எதுக்குச் சுண்ணாம்பு? அதையும் தண்ணிக்குள்ள ஏன் வைக்கணும்? சாவியைக் குடுங்க."

கார்ச் சாவியை வாங்கி முதல் டப்பாவில் குத்தினாள். கிர்ரென்று வழுக்கியது. கோடுகூட விழவில்லை, உள்ளே இருந்தது கல். இரண்டாவதில் குத்தினாள். சாவி கைப்பிடி வரை இறங்கியது. உள்ளே இருந்தது கூழ்.

ஜெயபாரதி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் அல் கோபாரில் ஒரு சிமெண்ட் ஆலைத் தீ விபத்தை விசாரிக்கப் போய் அவள் தெரிந்துகொண்ட சங்கதி இது. சவூதியில் பழைய எரிமலைக் காடுகள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் செம்பழுப்புக் கல்லை மாவாக அரைத்து, சிமெண்டில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கிறார்கள். சூளையில் சுட வேண்டிய சுண்ணாம்புக்கல் குறையும், புகை குறையும், கட்டடத்தைக் கடல் உப்பும் சீக்கிரம் அரிக்காது. எல்லாம் நல்ல விஷயம்தான், அந்த மாவு நிஜமாக எரிமலை மாவாக இருக்கிற வரைக்கும்.

"எரிமலை மாவைச் சுண்ணாம்போட குழைச்சுத் தண்ணிக்குள்ள வச்சா கல்லாகும், மீராசா. கொஞ்சம் மெதுவா, ஆனா ஆகும். வெறும் மணலை அரைச்ச தூளா இருந்தா எத்தனை நாள் வச்சாலும் கூழ்தான். மெஷின் இல்லாம, டீ கிளாஸ்ல டெஸ்ட் பண்ணியிருக்கான் பாருங்க. கெட்டிக்காரன்."

"அப்ப அந்த ரெண்டாம் டாங்கர்ல வந்தது..."

"மணல் தூள். நிஜ மாவு வேற எங்கேயோ விலை போயிருக்கு. அது தெரிஞ்சதாலதான் இவன் செத்திருக்கான், சோலையப்பனோட போட்ட சண்டையால இல்ல." அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "ஜூன் ஒன்பதுலேருந்து இன்னிக்கு இருபத்தெட்டாவது நாள்."

மீராசாவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவன் தம்பி முகம்மது யூசுப் பர் துபாயில் ஒரு கட்டடத்தில் ஷட்டரிங் கார்பென்டர். எரிமலைக் கலவை மெதுவாக இறுகும், அதனால் இருபத்தெட்டு நாள் பொறுத்துத்தான் ஸ்லாப்பைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகளை இறக்குவார்கள். ஜாக்கிக் காடு போனதும் கீழே விசாலமாக, ஈரக் குளிர்ச்சியோடு நிழல் கிடைக்கும். வெயில் காலத்தில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளி வேலை செய்யக்கூடாதென்று சட்டம். அந்த நேரம் மொத்த கேங்கும் அட்டையை விரித்து அந்த ஸ்லாப்புக்கு அடியில்தான் படுக்கும். இதையெல்லாம் யூசுப் போன வெள்ளிக்கிழமைதான் பிரியாணி தின்றுகொண்டே சொன்னான்.

"எந்த சைட்டு மேடம்?"

"அது பிளான்ட் டெலிவரி ரிஜிஸ்டர்லதான் இருக்கும். யல்லா, எடுங்க வண்டியை."

யூசுப்பின் போனுக்கு அடித்தான். ஸ்விட்ச் ஆஃப். டூட்டி நேரத்தில் எல்லோர் போனையும் ஸ்டோரில் வாங்கி வைத்துவிடுவார்கள். துபாயில் ஆயிரம் சைட் இருக்கிறது, அதுவாகவா இருக்கப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஷேக் சாயித் ரோட்டில் அவனுடைய பழைய நிஸ்ஸான் அதற்கு முன் போகாத வேகத்தில் போனான்.

வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பிளான்ட்டை அடையும்போது மணி பன்னிரண்டு.

லேப் மேனேஜர் ஸ்ரீகாந்த் வாசலுக்கே வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத சட்டை, மயிலாப்பூர்த் தமிழ். எரிமலைக் கலவை அவருடைய செல்லப் பிள்ளை. சுவரெல்லாம் எரிமலைப் படம் மாட்டி வைத்திருந்தார். உட்காரச் சொல்லி, டீ சொல்லி, ரோமாபுரிக்காரன் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் துறைமுகம் கட்டினான் என்று ஆரம்பித்துவிட்டார். மூலையில் கட்டிகளை நசுக்கும் மெஷின். பக்கத்துத் தள்ளுவண்டியில் உடைந்த துண்டுகள். வாசலில் ஒரு பலகையில் ஊறி முடித்த கட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டியை யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் மீராசா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மையப்பன் எப்படிப்பட்ட ஆளு சார்?" என்றாள் ஜெயபாரதி.

"பாவம், நன்னா உழைப்பான். அந்த வெத்தலைப் பழக்கம் ஒண்ணுதான். கையில எப்பவும் சுண்ணாம்பு டப்பா. லேபுக்குள்ள கண்ட இடத்துல துப்பாதேன்னு நானே வார்ன் பண்ணியிருக்கேன். ரூம்லயும் அந்த சோலையப்பனோட அதுலதான் தகராறாம்."

ஜெயபாரதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பேச்சோடு பேச்சாக மேசை மேலிருந்த டெலிவரி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, ஜூன் ஒன்பதைப் புரட்டினாள். அன்று ஒரே ஒரு சைட்டுக்குத்தான் எரிமலைக் கலவை போயிருந்தது. பர் துபாய், மூன்றாவது தளம்.

மீராசா அந்த வரியைத் தலைகீழாகவே படித்தான். யூசுப்பின் சைட்.

அதற்கப்புறம் சுற்றி வளைக்க நேரம் இல்லை. ஜெயபாரதி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். இரண்டு டீ கிளாஸ், இரண்டாவதில் கூழ், அன்று வந்த டாங்கரில் ஒன்று போலி. ஸ்ரீகாந்த் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இன்னிக்குக் காலையிலதானே அந்த ஸ்லாப்போட கட்டிகளை நசுக்கிப் பார்த்தேன். எல்லாமே பாஸ். ஜாக்கி இறக்கலாம்னு சர்டிபிகேட் குடுத்துட்டேனே," என்று புலம்பியவர், பாதியில் எழுந்து மொபைலை எடுத்தார். "இருங்கோ. முதல்ல நிறுத்தச் சொல்றேன்." எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். "சேதுமாதவன், நான் ஸ்ரீகாந்த். ஜாக்கி இறக்கறதை உடனே நிறுத்து. ஆளுங்களை வெளியேத்து. காரணம் அப்புறம் சொல்றேன். சரி, சரி. தேங்க்ஸ்." போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "சைட் இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன். நிறுத்திட்டார்."

மீராசாவுக்கு அந்த மனுஷன் காலில் விழலாம் போல இருந்தது. அல்லாஹ் பெரியவன் என்று வாய்க்குள் சொன்னான். ஜெயபாரதி தள்ளுவண்டியிலிருந்து உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காரை ஜல்லி கொட்டிவைக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தான். முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. பிரேக் நேரம் நெருங்கிவிட்டதால் ஆட்கள் மெஸ் பக்கம் போய்விட்டார்கள். மீராசா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஏசியைப் போட்டான். உயிர் திரும்பி வந்த தெம்பில் வாயும் திரும்பி வந்தது.

"என்ன இருந்தாலும் அதிசயம்தான் மேடம். பதினெட்டு வருஷம் இந்த ஊர்ல எத்தனையோ இன்ஜினியரைப் பார்த்துட்டேன். வேலையை நிறுத்துன்னா, எழுதிக் குடு, கையெழுத்துப் போடு, லேட்டானா நீ பொறுப்பான்னு அரை மணி நேரம் சட்டையைப் பிடிப்பானுங்க. ஏன்னுகூடக் கேக்காம பத்து செகண்டுல சரின்னு சொன்ன சைட் இன்ஜினியர் இவர் ஒருத்தர்தான். அவர் போட்டோ கிடைச்சா சொல்லுங்க, பிரேம் போட்டு மாட்டணும்."

காரில் ஏறக் கதவைத் திறந்த ஜெயபாரதி அப்படியே நின்றாள்.

"மீராசா, யூசுப்புக்கு அடிங்க."

"அதான் நிறுத்தியாச்சே..."

"அந்தப் பக்கம் யாருமே பேசல. அவர் எந்த நம்பருக்கும் அடிக்கல. அடிங்க."

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. இந்தத் தடவை மணி அடித்தது. எடுத்தது யூசுப்.

"சொல்லு காக்கா. சாப்டியா?" கீழக்கரையில் அண்ணனுக்குக் காக்கா என்றுதான் பேர்.

"ஜாக்கி இறக்கறதை நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தறதா? கடைசி ஜாக்கியும் இறக்கிக் கால் மணி நேரம் ஆச்சு. மேல ரெண்டு நாளா பிளாக்கல்லு வேற ஏத்தி அடுக்கியிருக்காங்க. கீழ என்னா குளிர்ச்சிங்கிற. நாப்பது பேரும் அட்டையைப் போட்டாச்சு."

"யூசுப், நான் சொல்றதைக் கேளு..."

அவன் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை. வலது பக்கம் நின்றிருந்த ஜெயபாரதி "மீராசா" என்று கத்தியதும், இடது பக்கக் கண்ணாடி முழுக்க மஞ்சள் இரும்பு நிறைந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. ஜல்லி அள்ளும் லோடர். பக்கெட்டைத் தரையோடு தாழ்த்தி வந்து காரின் வயிற்றில் குத்தியது. ஜெயபாரதி காரின் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பினாள், கார் பக்கவாட்டில் இழுபட்டுத் தடுப்புச் சுவரில் மோதியது. கதவு உள்ளே வந்தது. கதவோடு சேர்ந்து அவன் இடது முழங்கால் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை, எலும்பு முறிந்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஸ்டியரிங் நெஞ்சில் ஏறியது. வாய்க்குள் கண்ணாடித் தூளும் ரத்தமும்.

லோடர் பின்னால் போனது. உடைந்த கண்ணாடி வழியே பார்த்தான். மேலே கேபினில் மடிப்புக் கலையாத சட்டை.

போன் பக்கத்து சீட்டில் கிடந்தது. "காக்கா, காக்கா" என்று அதற்குள் யூசுப் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மீராசா உடம்பை முறுக்கி எட்டி அதை எடுத்தான். அந்த முறுக்கலில் அவன் போட்ட கூச்சல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஸ்லாப் விழுந்துரும்டா. எல்லாரையும் வெளிய துரத்து."

"யாரு சொன்னா? நான் சொன்னா எவன் எந்திரிப்பான்? இன்ஜினியர் சாரும் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டாரு. போர்மேன் சொன்னாலே எந்திரிக்க மாட்டானுவ, காலையிலேருந்து வெயில்ல செத்துக் கிடக்கானுவ..."

லோடர் மறுபடி கிளம்பியது. மீராசாவுக்கு யோசிக்க மூச்சு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த சைட்டில் பாதிப் பேர் ஒரு கம்பெனி விசாவில் வந்து இன்னொரு இடத்தில் வேலை செய்கிறவர்கள், மீதியில் பாதி விசா முடிந்தவர்கள். இந்த ஊரில் அவர்களைத் தூக்கத்திலிருந்து கிளப்ப ஒரே ஒரு சொல்தான் உண்டு, விசா சோதிக்க வருகிற மப்டி போலீஸின் பேர்.

"சிஐடின்னு கத்துடா. சிஐடி வந்துட்டான்னு கத்து."

இரண்டாவது இடி. கூரை மடிந்து தலையில் உட்கார்ந்தது. மூன்றாவதற்கு லோடர் பின்வாங்கியபோது, வாசல் பலகையிலிருந்து ஒரு கட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜெயபாரதி ஓடி வருவது தெரிந்தது. பைல் தவிர வேறெதையும் அவள் தூக்கி அவன் பார்த்ததில்லை. லோடரின் ஏணிப் படியில் ஏறினாள். ஸ்ரீகாந்த் ஒரு கையால் கதவைத் திறந்து காலால் அவள் முகத்தில் உதைத்தார். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது, ஆனால் அவள் விழவில்லை. எட்டுக் கிலோவையும் அப்படியே அவர் வாயில் இறக்கினாள். அவர் சாய்ந்ததும் மறுபடி தூக்கி, கியரைப் பிடித்திருந்த கையின் மேல் போட்டாள். விரல்கள் நசுங்கின. லோடர் ஒரு உறுமலோடு அணைந்தது. அவர் படியில் உருண்டு ஜல்லியில் விழுந்தார்.

அந்த அமைதியில் போன் தெளிவாகக் கேட்டது.

யூசுப் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "சிஐடி, சிஐடி, பாகோ பாய்." தடதடவென்று ஓட்டம். தகரம் சரிகிற சத்தம், யாரோ இந்தியில் திட்டுவது, சாப்பாட்டுத் தூக்கு உருள்வது. அப்புறம் ஓட்டம் தூரமாகிப் போனது.

"ஓடிட்டானுவ காக்கா. வேலியைப் பிச்சுக்கிட்டு ஓடிட்டானுவ." யூசுப் மூச்சு வாங்கினான். அதில் சிரிப்புக்கூட இருந்தது. "விஜயபாஸ்கர் மட்டும் படுத்திருக்கான்."

"நீ வெளிய வா."

"ஒரு நிமிஷம், அவனை இழுத்துக்கிட்டு வந்துர்றேன்."

"யூசுப், நீ வெளிய வாடா."

நடக்கிற சத்தம். இரண்டு பேர் பேசுகிற சத்தம், என்னவென்று புரியவில்லை. பிறகு போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது, மீராசா ஆயுசுக்கும் மறக்க முடியாத சத்தம். லைன் செத்துப்போனது.

மீராசா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மெஸ்ஸிலிருந்து ஆட்கள் ஓடி வந்து கதவைக் கடப்பாரையால் நெம்பும்போதும் கூப்பிட்டான்.

ஜெயபாரதி முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு ஜல்லியில் கிடந்தவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது.

"அம்மையப்பன் வாழ்நாள்ல வெத்தலை போட்டதில்ல சார். பல்லு சொல்லுது. ஆனா அவன் கையில சுண்ணாம்பு டப்பா இருந்தது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. வியாழக்கிழமை உங்க முகத்துக்கு நேரா கொண்டுவந்து காட்டியிருக்கான், அப்படித்தானே? ரோமாபுரிக் கதையெல்லாம் தெரிஞ்ச உங்களுக்கு, ஒரு கூலிக்காரன் கையில சுண்ணாம்பைப் பார்த்தா வெத்தலை ஞாபகம்தான் வந்துச்சு. அவன் டெஸ்ட் பண்ணுவான்னு தோணவே இல்ல. கேஸை ஜோடிக்கும்போதும் அந்தக் கதையையே கட்டிவிட்டீங்க. நீங்க பாஸ் போட்ட கட்டியும் இங்க என் பையில இருக்கு. எரிமலை மாவு கலந்தா உள்ள பழுப்பு அடிக்கணும். இது சுத்த சாம்பல் நிறம், சாதாரண சிமெண்ட். அந்த ஸ்லாப்போட கட்டியே இல்ல இது. நிஜ மாவை வித்துட்டு, கட்டியையும் மாத்திட்டீங்க."

ஸ்ரீகாந்த் உடைந்த வாயால் பேசினார். வார்த்தை ரத்தத்தோடு வந்தது. "விழாது. கணக்குப் போட்டுத்தான் விட்டேன். விழாதுன்னு..."

ஜெயபாரதியின் கால் மேலே எழுந்தது. என்ன நினைத்தாளோ, மிதிக்காமல் கீழே வைத்தாள். ஆட்கள் அவரை லோடர் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

ஆம்புலன்ஸுக்கு நிற்க மாட்டேன் என்று மீராசா ஒரே பிடியாகப் பிடித்தான். பிளான்ட் பிக்கப்பில் பலகை போட்டு, காலைக் கட்டி, பின்னால் படுக்க வைத்து ஓட்டினார்கள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவன் போட்ட சத்தத்தில் வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த ஜெயபாரதி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பர் துபாயில் மூன்றாவது தளம் இரண்டாவதின் மேல் கிடந்தது. பிளாக்கல் அடுக்கு முழுதும் அதன் மேல். புழுதி இன்னும் அடங்கவில்லை. போலீஸ், தீயணைப்பு, வாயில் கர்சீப்போடு சைட் இன்ஜினியர் சேதுமாதவன். படிக்கட்டின் அடியில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். வலது கை தோளிலிருந்து தப்பான பக்கம் திரும்பியிருந்தது. யூசுப்.

மீராசா அழுதான். பிக்கப்பிலிருந்து இறக்கும் வரைகூடப் பொறுக்காமல், நாற்பத்திரண்டு வயது ஆள், தெருவெல்லாம் பார்க்க ஓவென்று அழுதான். "இருக்கியாடா, இருக்கியாடா" என்று, பக்கத்தில் இறக்கி வைத்ததும் தம்பியின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டான்.

யூசுப் அழவில்லை. அவன் பார்வை இடிபாட்டிலேயே இருந்தது.

"நாலு வருஷமா ஓடினவன் காக்கா அவன். சிஐடின்னா வேலியை முதல்ல தாண்டுறது விஜயபாஸ்கர்தான். போன வியாழக்கிழமைதான் விசா மாறிச்சு. லேபர் கார்டை எடுத்து நெஞ்சு மேல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். வந்து கேக்கட்டும், இனிமே நான் ஏன்டா ஓடணும்னான்."

"நீ உண்மையைச் சொல்லலியா?"

"சொன்னேன். சிஐடி இல்லடா, ஸ்லாப் விழப்போவுது, எந்திரின்னு காலைப் பிடிச்சு இழுத்தேன். சிரிச்சான். ஒரு நிமிஷத்துக்கு ஒரு பொய் சொல்றியேடான்னு சிரிச்சான். மறுபடி இழுக்கக் குனிஞ்சேன். காத்து என்னைத் தூக்கிப் படிக்கட்டுல அடிச்சுது."

அவன் இடது கையை நீட்டிக் காட்டினான். அதில் விஜயபாஸ்கரின் செருப்பு ஒன்று இருந்தது.

ஜெயபாரதி மீராசாவின் தோளில் கை வைத்தாள். "முப்பத்தொன்பது பேர் உயிரோட இருக்காங்க, மீராசா. சோலையப்பனும் நாளைக்கு வெளிய வந்துருவான்."

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மீராசா, தம்பி கையிலிருந்த செருப்பை வாங்கிச் சட்டையால் புழுதியைத் துடைத்தான்.

போலீஸ் அதிகாரி ஒருவர் நோட்டோடு வந்தார். போலீஸ் பேரில் புரளி கிளப்புவது ஜெயில் குற்றம், சிஐடி என்று கத்தி ஆட்களைக் கலைத்தது யார் என்று உருதுவில் கேட்டார். யூசுப் எழப் பார்த்தான். மீராசா அவனை அழுத்தி உட்கார வைத்தான்.

"நான்தான் சொல்லச் சொன்னேன் சாப்," என்றான். "என் பேரை எழுதிக்குங்க."